பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பாளையின் நுனியைச் சீவிக் கலயம் கட்டிவிட்டால், பருவம் முடிகிறவரை தினமும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் சீவிய வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மறுநாள் ஆழமாகச் சீவ வேண்டிவரும். அந்த அளவுக்குப் பாளையின் ஆயுளும் குறையும். இறங்கிய பதனீரும் காத்திருக்காது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கியதே ஆனாலும், அன்றைக்கே காய்ச்சாவிட்டால் கருப்பட்டிக்கு ஆகாது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் வேர்விட்டது இந்த மரத்தை நம்பிப் பிழைத்த மக்களிடம்தான். வாரத்தில் ஒரு நாள் கர்த்தருக்கு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த மரத்தின் வழக்கு தெரிந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நான் பனையேறிக் குடும்பத்துப் பெண். சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். என் தாத்தாவும் அவருடைய அப்பாவும் பனை ஏறினார்கள்; என் ஆச்சி பதனீர் காய்ச்சினாள். அவர்கள் காய்ச்சிய காசில் என் அப்பா படித்தார், பிறகு நான் படித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். எங்கள் பக்கத்துச் சபைகளின் வரலாறு நிறையவே அச்சில் வந்திருக்கிறது. மெய்ஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்கக் கால்டுவெல் ஐயருக்கு 1847 முதல் 1880 வரை 33 ஆண்டுகள் ஆயின என்பதையும் சொல்லும். அந்தக் கூரைகளுக்கு அடியில் முழங்கால் போட்டவர்கள், இனி தேவனுடைய ஆளுகைக்குக் கீழே வாழ்வது என்று தீர்மானித்த பிறகு மர உச்சியிலும் அடுப்படியிலும் என்ன செய்தார்கள் என்பது அந்தப் புத்தகங்களில் அநேகமாக இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

எங்கள் கதை பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. 1778-இல் கிளாரிந்தா என்ற மராத்தியப் பிராமணக் கைம்பெண்ணுக்கு சுவார்ட்ஸ் ஐயர் அங்கே ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். 1785-இல் கிளாரிந்தா முன்னின்று கட்டிய ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். ஆனால் அது கோட்டைக்குப் பக்கத்தில், நகரத்தில் கூடிய சபை. தேரிக்காட்டுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் மண்ணின் மைந்தர், விஜயராமபுரத்துச் சின்னமுத்து. ஊரைவிட்டுப் போய்த் தஞ்சாவூரில் கிறிஸ்தவரானவர், தாவீது சுந்தரானந்தம் என்ற பெயரோடு உபதேசியாராகத் திரும்பினார். அவருக்கு மேலே இருந்தவர் சத்தியநாதன் ஐயர். 1790-இல் குருப்பட்டம் பெற்ற தமிழர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளைக்காரர் வந்து எங்களை மாற்றிவிட்டார்கள் என்று வெளியே பேசுகிறார்கள். எங்கள் ஆட்களில் சிலரும் அப்படியே நம்புகிறார்கள். தேரிக்காட்டில் முதல் வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து பேசியது தமிழர்கள், அதிலும் ஒருவர் அந்த ஊர்க்காரர்.

திரும்பி வந்தவரை எல்லாரும் வரவேற்கவில்லை. ஊர்த் தெய்வத்தின் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்க மாட்டோம் என்று கிறிஸ்தவரான சில வீட்டார் சொன்னதும் பிரச்சினை மூண்டது. அந்தக் காலத்தில் கொடை வரி என்பது வெறும் நன்கொடை இல்லை. வரி கொடுப்பவன்தான் ஊர்க்காரன். ஊர்க் கிணறு, ஊர்ப் பாதை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்கும் கைகள் எல்லாம் அந்த வரியோடு கட்டப்பட்டவை. வரியை மறுத்தவன் இவற்றையும் இழக்கத் தயாராக வேண்டும். ஜெபிக்கக் கட்டிய ஓலைக்கோயில் இடிக்கப்பட்டது. மரத்துக்காரர்கள் பாட்டத்துக்கு மரம் தர மறுத்தால் பிழைப்பே இல்லை.

1799-இல் தாவீது, அடையலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலத்தை வாங்கி, கிணறு வெட்டி, துன்பப்பட்ட குடும்பங்களை அங்கே குடியேற்றினார். அதுதான் முதலூர். மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன ஊராக மட்டும் இன்று அதை அறிந்தவர்களுக்கு, அது ஓர் அகதி முகாமாகத் தொடங்கியது தெரியாது. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் போர் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு. பாளையக்காரர் ஆட்சி ஒருபுறம் சரிகிறது, கம்பெனி ஆட்சி மறுபுறம் எழும்புகிறது. யாருக்கு வரி கொடுப்பது என்பதே நிச்சயமில்லாத நாளில் சில பனையேறிக் குடும்பங்கள், நாங்கள் இன்னாருடைய ஆட்சிக்கு உட்பட்டவர்கள் என்று தனியாக ஓர் ஊரே போட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் எல்லாரையும் சாந்தசொரூபிகளாக வரைய எனக்கு மனமில்லை. உதை வாங்கி அலுத்துப்போன தாவீது, கம்பு ஏந்திய வாலிபர்களைச் சேர்த்து, கிறிஸ்தவர்களை அடித்த ஊர்களுக்குப் போய்த் தட்டிக்கேட்டார். தடிக்கம்புக்காரர் என்று அவர்களுக்குப் பேர். ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரின் பெயரால் இது நடந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். நான் கைதட்டவிட்டதில்லை, கண்டிக்கவும் என்னால் முடிந்ததில்லை. கூரைக்கு நெருப்பு வைத்தால் கை கட்டிக்கொண்டு நிற்கும்படி அவர்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் தடியால் நின்ற ஊர் தடி போனதும் விழுந்திருக்கும். முதலூர் விழவில்லை. தாவீது 1806 வாக்கில் இறந்தார். நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்பது பரம்பரையாக வரும் பேச்சு.

1802, 1803 ஆண்டுகளில் கெரிக்கே ஐயரும் சத்தியநாதன் ஐயரும் வந்து போனபோது, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்த எண்ணைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் அடுத்து வந்த ஆண்டுகளைத்தான் பார்க்கச் சொல்வேன். கெரிக்கே 1803-இல் இறந்தார். அதற்கு அப்புறம் நெடுங்காலம் இந்தப் பக்கம் தங்கியிருந்து மேய்க்க ஆளில்லை. 1811-ஐ ஒட்டிக் கொள்ளைநோய் வந்தபோது பலர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினார்கள். 1816-இல் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், இந்த ஊர்களைத் தேடிப் போனார். கைவிடப்பட்ட சபைகளில் அப்போதும் சுமார் மூவாயிரம் பேர் இருந்தார்கள். முதலூரிலும் நாசரேத்திலும் மணி அடித்துக்கொண்டிருந்தது. உபதேசியார் ஜெபம் வாசித்துக்கொண்டிருந்தார். சம்பளம் ஒழுங்காக வராது, பாதுகாப்பு கிடையாது, பார்த்து மெச்சவும் ஆளில்லை. போனவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பிள்ளை செத்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய் எந்த வாசலில் போய் நிற்பாள் என்று யாரால் சொல்ல முடியும்? இருந்தவர்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1820-இல் இரேனியுஸ் ஐயர் வந்தார். அவர் காலத்தில் முதலூர் காட்டிய வழி ஓர் ஒழுங்கான ஏற்பாடாக மாறியது. 1827-இல் பிரஷ்ய நாட்டு டோனா பிரபு அனுப்பிய பணத்தில் நிலம் வாங்கி எழுப்பிய ஊர்தான் டோனாவூர். 1830-இல் தரும சங்கம் ஏற்பட்டது. துன்பப்படுகிற கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைப்பதே அந்தச் சங்கத்தின் வேலை. ஊர் அமைந்ததும் நேர்த்தெரு, நடுவில் ஆலயம், பக்கத்தில் பள்ளிக்கூடம், காலையிலும் மாலையிலும் மணி. ஊருக்குள் கட்டுப்பாடும் இருந்தது: கொடைக்குப் போகக் கூடாது, குறி கேட்கக் கூடாது, கள் இறக்கவும் குடிக்கவும் கூடாது, ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது. வழக்கு வந்தால் சபைப் பஞ்சாயத்து. மீறினால் சபைக்குப் புறம்பாக்குவார்கள்.

முதல் இரண்டும் ஒரு முறை தீர்மானித்து நிற்கிற காரியங்கள். கடைசி இரண்டும் அப்படியல்ல. தினமும் மரத்தடியில் புதிதாகத் தீர்மானித்தாக வேண்டியவை.

சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம். பாளையிலிருந்து சொட்டுவது ஒரே பால்தான். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனீர். தடவாவிட்டால் பொழுது ஏற ஏறப் புளித்துக் கள்ளாகும். கள்ளுக்கு விறகு வேண்டாம், காய்ச்ச ஆள் வேண்டாம், கையில் உடனே காசு. பதனீருக்கு அத்தனையும் வேண்டும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர் அல்லாத பனையேறிகளும் பெரும்பாலும் கருப்பட்டி காய்ச்சியவர்கள்தான், அதை மறைக்கக் கூடாது. உடன்குடிக் கருப்பட்டியின் பேர் எல்லாருடைய உழைப்பிலும் உண்டானது. ஆனால் சுண்ணாம்பு தீர்ந்துபோன ஒரு நாளில், அடுப்புக்கு விறகு இல்லாத ஒரு நாளில், வீட்டுக்காரி காய்ச்சலில் படுத்த ஒரு நாளில், கள்ளாக இறக்கிவிட்டுப் போனால் தடுக்க ஆள் இல்லை. அறுபது எழுபது அடி உயரத்தில் எந்த ஐயர் வந்து கலயத்தை மோந்து பார்க்கப் போகிறார்? தாத்தா அருவாள்பெட்டியில் சுண்ணாம்பை வைத்த பிறகுதான் அருவாளை வைப்பாராம். ஆச்சி சொல்லுவாள்: “சுண்ணாம்பு இல்லன்னா மரத்துக்கே போமாட்டாக. பக்கத்து வீட்டுல கடம் வாங்கியாவது தடவுவாக.”

ஆச்சி பட்டபாடு அதைவிடப் பெரிது. காலையில் தாத்தா முப்பது மரம் ஏறி இறங்குவார். முருக்குத்தடியைச் சார்த்தி, காலில் தளைநார் மாட்டி, நெஞ்சை மரத்தோடு இழைத்து ஏறுகிற ஏற்றம். சாயங்காலம் மறுபடியும் அதே முப்பது. இடைப்பட்ட பொழுதெல்லாம் ஆச்சி விளையில் ஓலைக்குடிசைக்குள் அடுப்பின்முன். காய்ந்த ஓலையையும் உடைமுள்ளையும் தள்ளித் தள்ளி எரிப்பாள். பொங்கி வந்தால் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாள், அடங்கும். கூப்பனிப் பதம் வந்ததும் துடுப்பால் கிண்டி, பதம் தப்புவதற்குள் இறக்கி, சிரட்டைகளில் ஊற்றுவாள். ஆறியபின் தட்டினால் கருப்பட்டி. அந்தப் பதம் பார்க்கும் கண் எனக்கு வரவில்லை; ஆச்சியின் முன்கையில் தெறித்த பாகின் தழும்புகளை மட்டும் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சீன் வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா விழுந்தபோது ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்தது, ஏழாம் நாளுக்கென்று எடுத்து வைத்ததும் கெடவில்லை. தேரிக்காட்டில் அப்படி நடக்கவில்லை. சனிக்கிழமை பாளை இரட்டிப்பாகச் சுரக்காது. ஞாயிறு சீவாமல் விட்டால் அந்த நாளோடு போவதில்லை, அடுத்த இரண்டு மூன்று நாளும் சேர்ந்து போகும். ஆகவே எங்கள் ஊரில் பெரியவர்களுக்குள் வாக்குவாதம் நடந்திருக்கிறது. கட்டளை என்றால் கட்டளை, மரத்தடிக்கே போகக் கூடாது என்று ஒரு சாரார். ஓய்வுநாளில் மாடு துரவில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டாரே, பாளையைக் காயவிடுவது மாட்டைச் சாகவிடுவது போலத்தானே என்று இன்னொரு சாரார். எங்கள் குடும்பம் இரண்டாவது கட்சி. விடியும் முன்னே ஏறிப் பாளையைச் சீவிவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இரண்டாம் மணிக்கு ஆலயத்தில் இருக்க வேண்டும். பாளை காயக் கூடாது, அவ்வளவுதான். அன்று இறங்கிய பதனீரைக் காய்ச்சக் கூடாது, விற்கக் கூடாது. ஆலயம் விட்டதும் வழியில் வருகிறவருக்கெல்லாம் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சாதி, எந்த வேதம் என்று கேட்க மாட்டார்கள். சாயங்காலம் ஏறுவதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மரம் எங்கள் மரம் இல்லை. மரத்துக்காரரிடம் வாரத்துக்கு ஏறியது. எங்கள் பக்கத்தில் வாரம் என்பது நாள் முறை: ஒரு நாள் பதனீர் மரத்துக்காரருக்கு, மறுநாள் பதனீர் ஏறுகிறவனுக்கு. வாரத்துக்கு ஏழு நாள், ஏழு ஒற்றைப்படை. அதனால் ஒரு ஞாயிறு எங்கள் முறையாக வந்தால் அடுத்த ஞாயிறு அவர் முறையாக வரும். எங்கள் முறையை நாங்கள் விட்டுக்கொடுக்கலாம். அவர் முறையை எப்படி விட்டுக்கொடுப்பது? அது அவருடைய சொத்து. கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறேன் என்று சொல்லி இன்னொருவனுடைய பங்கைத் தானம் பண்ணினால் அது களவு.

என் தாத்தாவின் அப்பா மரத்துக்காரரிடம் போய் நின்று இப்படிச் சொன்னாராம்: “ஐயா, ஞாயித்துக்கிழமை எல்லாம் எம் முறையா இருக்கட்டும். ஒங்க ஞாயித்துக்குப் பதிலா எம் முறையில ஒரு நாள எடுத்துக்கிடுங்க.” மரத்துக்காரர் கிறிஸ்தவர் அல்ல. கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, “ஒனக்குத்தாம்ல நட்டம்” என்றாராம். கணக்குப் போட்டால் நட்டம் எவ்வளவு என்று தெரியும். இரண்டு வாரத்தில் பதினான்கு நாள், ஆளுக்கு ஏழு. எங்கள் ஏழில் இரண்டு ஞாயிறு. இரண்டும் காய்ச்சாமல் போகும். மிச்சம் ஐந்து நாள் கருப்பட்டி. மரத்துக்காரருக்கு ஏழும் முழுசாக வந்தது. மரம் ஏறிய கால்கள் பதினான்கு நாளும் ஏறின. பருவம் முழுவதும், வருஷா வருஷம் இப்படியே. இந்த ஏற்பாட்டை எழுத்தில் வைக்கவில்லை. மரத்துக்காரரின் மகன் காலத்திலும் பேச்சு மாறவில்லை.

மற்ற ஊர்களிலும் இப்படியே என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு வேறு வழி கண்டிருப்பார்கள். கள்ளத்தனமாகக் காய்ச்சியவர்களும் இருந்திருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்ததை மட்டும் எனக்குத் தெரியும்.

ஓய்வுநாளைப் பற்றிப் பேசும்போது பிரகாசபுரத்தை விட்டுவிட முடியாது. நாசரேத்துக்குப் பக்கத்து ஊர். அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை அங்கேதான் 1857-இல் இந்து சபையைத் தொடங்கினார். சாயர்புரம் செமினரியில் படித்த கெட்டிக்காரர். எபிரெயு மொழியை முயன்று கற்றவர். நாசரேத்தில் மிஷனெரியோடு மோதி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் ஐயர் 1849-இல் வெளியிட்ட நூல் இந்த மக்களை எவ்வளவு காயப்படுத்தியது என்பதும் ஊரறிந்தது. ஐயர் செய்த நன்மைகள் ஏராளம். இடையன்குடியில் அவர் கல்லறைக்கு முன் நானும் நின்று நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் கூடவே உட்கார்ந்து ஜெபிக்கிற ஜனத்தைப் பற்றி அந்தத் தொனியில் எழுதியது தவறு. சட்டாம்பிள்ளை அதற்கு எழுத்திலேயே பதில் கொடுத்தார், பிறகு வாழ்க்கையிலும் கொடுத்தார். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், அவர்கள் வழிமுறை வேண்டாம், வேதாகமம் போதும் என்று வெளியேறினார். பத்துக் கட்டளையில் சொன்ன ஏழாம் நாள் சனிக்கிழமைதானே, அதை ஞாயிறாக்க யாருக்கு அதிகாரம் என்று கேட்டு, சனிக்கிழமையில் ஆராதனை நடத்தினார். பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் கைக்கொண்டார்கள். அந்தச் சபை இன்றும் இருக்கிறது.

எங்கள் சபையில் பலர் அவரை வழிதப்பியவர் என்றே சொல்லி வளர்ந்தோம். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. தேவனுடைய ஆளுகை வேறு, மிஷனெரி பங்களாவின் ஆளுகை வேறு என்று அந்த நூற்றாண்டில் சத்தமாகச் சொன்னவர் அவர். அப்படிச் சொன்னதால் சம்பளம், படிப்புதவி, பஞ்ச காலக் கஞ்சி எல்லாவற்றையும் அவருடைய ஜனம் இழந்தது. நாசரேத்தில் ஞாயிறு ஓய்ந்தவர்களும் பிரகாசபுரத்தில் சனி ஓய்ந்தவர்களும் ஒரே பனைகளின் கீழே, ஒரே நட்டத்தைத் தாங்கியவர்கள். எந்த நாள் சரி என்ற வழக்கைத் தீர்ப்பது என் வேலையில்லை.

பஞ்சம் என்றேன். 1876-இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். அந்தப் பஞ்சத்துக்கு நடுவில்தான், 1877 மார்ச் 11-இல், கால்டுவெல்லும் சார்ஜெண்டும் கல்கத்தாவில் அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அந்தக் குடும்பங்களைக் குறைத்துப் பேசுகிற நாக்கு இன்றைக்கும் எங்கள் ஊர்களில் இருக்கிறது. பசித்தபோது சோறு கிடைத்த இடத்தைக் கடவுளின் வீடு என்று நம்பியதில் என்ன குற்றம்? வந்த காரணத்தைப் பார்க்கிறவர்கள், வந்தபின் அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கொடுத்தது கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்படியில் தொங்கும் கொட்டானில் போட வேண்டும். தேரிக்காட்டில் நெல் விளையாது; அரிசி விலைக்கு வாங்குவது. கம்பும் கேழ்வரகும் பொங்குகிற நாளில் அதில் ஒரு கைப்பிடி. வாரக் கடைசியில் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். ஆச்சி எந்த நாளிலும் அதைத் தவறவிட்டதில்லை. அரைவயிற்றுக்குப் பொங்கிய நாளில் கூட. “மொதக் கைதான் கர்த்தருக்குள்ளது. மொதல்லயே எடுத்துப்போட்டுட்டா மிச்சத்துல பங்கு வைக்க லேசு” என்பாள். எங்கள் ஊர்களில் பெரும் பணக்காரர் கிடையாது. சபையை நடத்தியது இப்படிச் சேர்ந்த அரிசியும், முதற்பலன் என்று பீடத்தின் முன் கொண்டுவந்து வைத்த முதல் கருப்பட்டியும், பண்டிகையில் ஏலம் போன சேவலும் முருங்கைக்காயும்தான்.

அந்த அரிசி எங்கள் ஊர்களோடு நிற்கவில்லை. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். அடுத்த ஆண்டே சாமுவேல் பாக்கியநாதன் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். அந்தச் சங்கத்தின் முதல் தூண்களில் ஒருவரான அசரியா, 1874-இல் வெள்ளாளன்விளையில் ஓர் ஊர்க் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1912 டிசம்பர் 29-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராகி, தோர்ணக்கல்லிலேயே வாழ்ந்து முடித்தார். தேரிக்காட்டுக்காரனுக்குத் தெலுங்கு தெரியாது, தோர்ணக்கல் எந்தத் திசை என்றும் தெரியாது. அங்கே யாரோ சுவிசேஷம் கேட்பதற்கு இங்கே பனையேறி வீட்டில் ஒரு கைப்பிடி குறைந்தது. நூறு வருஷத்துக்கு முன் ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். கைநீட்டி வாங்கிக்கொண்டே இருப்பது எங்கள் விதியல்ல என்று அவர்கள் செய்துகாட்டிய இந்த ஓர் இடத்தில் என் குரல் வகுப்பில் எப்போதும் உயர்ந்துவிடும்.

பனையேற்றம் பிறகு குறைந்தது. இலங்கைக்குப் போனார்கள், மதராசுக்கும் பம்பாய்க்கும் போனார்கள், பலசரக்குக் கடை போட்டார்கள். பள்ளிக்கூடம் படித்தவன் மரமேற விரும்பவில்லை. அவன் அப்பனும் விரும்பவில்லை. மரங்கள் செங்கல் சூளைக்குப் போயின. என் சித்தப்பா சென்னையில் கடை வைத்திருந்தார். ஞாயிறுதான் வியாபாரம் குவிகிற நாள். அவர் கடை சனிக்கிழமை ராத்திரி அடைத்தால் திங்கள் காலைதான் திறக்கும். எதிர்க் கடை திறந்திருக்கும். வாடிக்கைக்காரர்கள் மெல்ல அங்கே போனார்கள். “எம் பாட்டன் மரத்துல விட்டத நான் கல்லாவுல விடுதேன்” என்றார். வேறு விளக்கம் கொடுத்து நான் கேட்டதில்லை.

இப்போதும் எங்கள் பக்கத்தில் பனை ஏறுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். நடுவயது தாண்டியவர்கள். பங்குனி பிறந்து பாளை விட்டால், ஞாயிறு காலை ஆராதனையில் அவர்கள் பின்வரிசைக்குத்தான் வந்து சேர்வார்கள்; ஈரத் தலையோடு, உள்ளங்காலில் தளைநார் அழுத்திய தடத்தோடு. அவர்களுக்காக இரண்டாம் மணியைக் கொஞ்சம் தாமதித்து அடிக்கிற வழக்கம் சில சபைகளில் இன்னும் உண்டு. எல்லாச் சபைகளிலும் அது வேண்டும் என்று நான் சேகரக் கமிட்டியில் வாதாடியிருக்கிறேன்.

எங்கள் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மலர் போடுகிறார்கள். ஊழியம் செய்த குருமார் பெயர்ப் பட்டியல், கட்டட நிதி கொடுத்தவர்களின் படங்கள், அசனத்துக்கு ஆடு கொடுத்தவர்கள் எல்லாம் வழக்கம்போல இருக்கும். ஒரு பக்கம் எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெரியவர்களிடமும் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டிலும் விசாரித்து, தொழில் என்ற கட்டத்தில் பனையேற்றம் என்று எழுதியிருக்கும் ஆண்களின் பெயர்களையும், அந்தப் பதிவேட்டில் தொழிலே எழுதப்படாத அவர்கள் மனைவிமாரின் பெயர்களையும் நான் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். யார் யார் எந்தெந்த மரத்துக்காரரிடம் எப்படி நாள் முறை பேசினார்கள் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால், வைகாசி முடிவதற்குள் வந்து சொல்லட்டும். ஒரு பக்கம் போதாவிட்டால் இன்னும் இரண்டு பக்கம் கேட்டு வாங்கிக்கொள்வேன்.